ஜீரோ பாத்துக்கங்க

ஒரு நாளைக்கு முன்னூறு தடவை சொல்கிறேன்.
கப்பலூர் டோல்கேட் தாண்டி
இடதுகைப் பக்கம் இருக்கிற பங்கில்
மூன்றாவது பம்ப் என்னுடையது.
ஜீரோ பாத்துக்கங்க சார்.
ஜீரோ பாத்துக்கங்கக்கா.
பாதிப்பேர் போனைப் பார்ப்பார்கள்.

அந்தப் பூஜ்ஜியத்தைப் புத்தகத்தில் பார்த்தபோது
தெரிந்த ஆள் பஸ்ஸில் ஏறினதுபோல் இருந்தது.
இருபடிச் சமன்பாடு.
இடப்பக்கம் என்ன கூத்து நடந்தாலும்
வலப்பக்கம் ஒற்றை ஜீரோ
காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் கணக்கில் முப்பத்தொன்று.
நாலு மார்க்.
மறுபடி எழுதப் பணம் கட்ட
அடுத்த வாரம் என்றார் அப்பா.
அடுத்த வாரம்
பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

இப்போது கேஷியர் சீட்டு காலியாகிறது.
பத்தாவது பாஸ் வேண்டுமாம்.
போகப்போகிற சோலைராசன் பி.காம்.
ராத்திரி பதினோரு மணிக்கு
இருநூற்று நாற்பது இடிக்குது என்று
கண்ணாடிக் கதவைத் தட்டி என்னைத்தான் கூப்பிடுவார்.
நூற்றிருபது வரவைச் செலவில் போட்டிருப்பார்.
குறி மாறினால் தப்பு இரட்டிப்பு,
இது எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.
அதே மைனஸ்
எக்ஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் மட்டும்
பேனா நகரமாட்டேன் என்கிறது.

இரண்டாவது பம்ப் ஜெய்லானி
மூன்றாம் தடவையில் பாஸானவன்.
"வரைபடம் எட்டு, செய்முறை வடிவியல் எட்டு,
பதினாறு கையில இருக்கு.
ஒரு மார்க் பதினாலையும் கண்ண மூடிட்டுப் போடுக்கா."
நிகழ்தகவு படித்தபிறகு தெரிந்தது,
கண்ணை மூடினால் மூன்றரைதான் வரும்.
சொன்னேன். சிரித்தான்.
"அதான் மூணு தடவ."

பில் வேண்டாம் என்று விட்டுப்போகிறார்கள்.
அதன் முதுகில்தான் போட்டுப் பார்க்கிறேன்.
சட்டைப்பையில் வேர்த்து
லிட்டரும் ரூபாயும் வெளுத்துப்போகும்,
பின்னால் என் வகுத்தல் நிற்கும்.

கூம்பின் இடைக்கண்டம்
என்றதும் பயந்து நாலு நாள் அந்தப் பக்கம் போகவில்லை.
கடைசியில் பார்த்தால்
கார் கண்ணாடி துடைக்கிற வாளி.

ஒருவர் சமதளத்தில் நின்று கோபுர உச்சியைப் பார்க்கிறார்.
முப்பது டிகிரி.
இருபது மீட்டர் முன்னால் நடந்து மறுபடி பார்க்கிறார்.
அறுபது.
அவருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை,
யாரும் அவரை வேலைக்கு நேரமாச்சு என்று விரட்டுவதில்லை.
மூன்று மணிக்கு வண்டி வராத நேரத்தில்
ஹைமாஸ்ட் விளக்கின் கீழ்
நானும் எண்ணி எண்ணி நடந்தேன்,
அண்ணாந்துகொண்டு.
வாட்ச்மேன் ஒச்சப்பன் டார்ச் அடித்தார்.
"என்னத்தம்மா தொலைச்ச?"
உயரத்த அளக்குறேண்ணே.
"அது மேலல்ல இருக்கு" என்று
தரையிலிருந்து வெளிச்சத்தை எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பரீட்சை, திருமங்கலத்தில்.
ஹால்டிக்கெட்டில் என் முகம்
யாரிடமோ கடன் வாங்கினதுபோல் இருக்கிறது.

நேற்று ராத்திரி ஒரு கணக்கு.
எக்ஸ் வர்க்கம், கூட்டல் இரண்டு எக்ஸ், கூட்டல் ஐந்து,
சமம் வழக்கமான ஜீரோ.
காரணிப்படுத்தினேன், பிரியவில்லை.
சூத்திரத்தில் போட்டால்
ரூட்டுக்குள்ளே மைனஸ் பதினாறு.
சோலைராசன் மாதிரி
எங்கேயோ வரவைச் செலவில் போட்டுவிட்டேன் என்று
மூன்று பில் வீணாக்கினேன்.
மைனஸ் பதினாறு.
மைனஸ் பதினாறு.
கடைசிப் பக்கத்தில் விடை பார்த்தேன்:
மெய் மூலங்கள் இல்லை.

அப்படியும் ஒரு விடை இருக்கிறதாம்.
எழுதினால் முழு மார்க்காம்.
நான் அந்த வரியை
பில்லில் ஒரு தரம் எழுதினேன்,
அப்புறம் எதற்கென்று தெரியாமல்
உள்ளங்கையிலும்.

ஹாரன்.
விருதுநகர் நம்பர், சிமெண்ட் லோடு.
"அஞ்சாயிரத்துக்குப் போடும்மா."
குழாயை எடுத்துச் சொருகினேன்.
சொல்லவேண்டியது வாயில் வரவில்லை.
டிரைவர் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி வந்து
தானாக எட்டி
மீட்டரைப் பார்த்தார்.